ஜெசிந்தா கேட்ட முகம்

மருத்துவரின் வாசலை விட்டு இறங்கி, சுவிஸ் நகரமான டீட்டிகோனின் ரயில் நிலையத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை, கையில் ஒரு சூட்கேஸ். எனக்கென்று இருந்த எல்லாம் அந்த இரண்டுக்குள் அடங்கியிருந்தது. மத்தியானம் ஒரு மணி ரயிலில் மலைப்பக்கத்துக் கூர் நகருக்குப் போகவேண்டும். அங்கே ஒரு ஹோட்டல் சமையலறையில் பனிக்காலம் முடியும்வரை பாத்திரம் கழுவும் வேலை எனக்காகக் காத்திருந்தது. எனக்கு இரண்டடி பின்னால் ஜெசிந்தா வந்துகொண்டிருந்தார். தலையில் போட்டிருந்த சால்வையை இடது கன்னத்துக்கு மேலே இழுத்துப் பிடித்திருந்தார்.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு முதலில் இதைத்தான் சொல்லவேண்டும் என்று தோன்றியது. முகத்திலோ தோலிலோ எல்லோருக்கும் தெரியும்படி ஒரு வடுவோடு வாழ்கிறவர்களுடன் மருத்துவரிடமும் அலுவலகங்களுக்கும் வேலையிடங்களுக்கும் போக, அவர்கள் மனதில் இருப்பதை இந்த நாட்டு மொழியில் எடுத்துச் சொல்ல, தேவைப்பட்டால் அவர்களுக்காக வாதாட உங்களுக்குப் பயிற்சி தந்திருக்கிறார்கள். சான்றிதழ் வைத்திருக்கிறீர்கள். நல்லது. எனக்கு அதெல்லாம் இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு நானும் எனக்குப் பள்ளிக்கூடமும் போதும் என்று ஆகிவிட்டது. கப்பலில் வெங்காயம் உரித்தேன். இத்தாலியில் கார் கழுவினேன். சுவிஸ் எல்லையை மூன்று பேரோடு நடந்து கடந்தபோது வலது காலில் இரண்டு விரல்கள் பனிக்குப் போயின. மீதி எட்டு விரல்களோடு நடக்கப் பழகிக்கொண்டேன். அதுவரை எங்கேயும் எட்டு மாதத்துக்கு மேல் நின்றதில்லை. ஜேர்மன் மொழியைச் சமையலறைகளில் கற்றேன். அதனால் திட்டுவதும் கெஞ்சுவதும் நன்றாக வரும். நடுவில் உள்ளது அவ்வளவாக வராது.

அந்த ஜேர்மனோடுதான் அன்று காலை ஒரு மனநல மருத்துவரின் முன்னால் மொழிபெயர்க்கப் போயிருந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அப்போது இந்த வேலைக்கென்று ஆட்கள் இல்லை. யாருக்குக் கொஞ்சம் மொழி தெரியுமோ அவரை இழுத்துக்கொண்டு போவார்கள். ஜெசிந்தாவின் கணவர் என்னோடு லொறிக்குச் சாமான் ஏற்றியவர். அவருக்கு அன்று விடுமுறை கிடைக்கவில்லை. "நீ ஸ்டேசனுக்குப் போற வழிதானே. ஒருக்காக் கூட்டிக்கொண்டுபோய்க் கதைச்சுவிடு" என்றார். ஒரு பார்சலைக் கொடுத்துவிட்டு வருவது போல அதை நினைத்து நானும் ஒப்புக்கொண்டேன்.

ஜெசிந்தா என்பது அவருடைய உண்மையான பெயர் இல்லை. கதையைச் சொல்ல அனுமதி தந்தவர், பெயரைத் தரவில்லை. மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர். அப்போது வயது முப்பதுக்குள். நகரத்தின் விளிம்பில் ஒரு பெரிய களஞ்சியம் இருந்தது. அங்கே வேலை செய்கிறவர்கள் மத்தியானம் சாப்பிடும் கன்ரீனில் இரண்டு வருடமாக கவுண்டரில் நின்று சூப் ஊற்றிக் கொடுத்தவர். ஒருநாள் வீட்டுச் சமையலறையில் எண்ணெய் தீப்பிடித்து இடது கன்னம், காது, கழுத்து எல்லாம் வெந்துபோயின. மாதக்கணக்காக மருத்துவமனை. தோல் ஆறியபோது இறுகி, வாயின் ஒரு ஓரத்தைக் கீழே இழுத்துவிட்டது.

திரும்பி வேலைக்குப் போனார். கன்ரீனின் செஃப், அதாவது அங்கே பொறுப்பாக இருந்த மனிதர், நல்லவர். ஒருவரும் இவரை வெறித்துப் பார்த்து மனதை நோகடிக்கக்கூடாது என்று கவுண்டரிலிருந்து எடுத்துப் பின்பக்கம் பாத்திரம் கழுவும் அறையில் விட்டார். அங்கே சுவரில் உள்ள ஓட்டை வழியாகத் தட்டுகள் வரும். ஆட்கள் வரமாட்டார்கள். மூன்றாவது கிழமை, வேலை நடந்துகொண்டிருக்கும்போதே ஏப்ரனைக் கழற்றிவிட்டு ஒருவருக்கும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டார். பிறகு சாப்பாட்டைக் குறைத்தார். பேச்சைக் குறைத்தார். கோயிலுக்குப் போவதை நிறுத்தினார். கடைசியில் அறையின் யன்னல் திரையை இறக்கிவிட்டு உள்ளேயே இருந்தார். குடும்ப வைத்தியர் பயந்துபோய் அவரை மனநல மருத்துவரிடம் அனுப்பினார்.

அந்தச் சந்திப்பு முடிந்துதான் நாங்கள் நடந்துகொண்டிருந்தோம். நான் நன்றாகச் செய்துவிட்டேன் என்ற நினைப்பில் இருந்தேன். மருத்துவர் எனக்குக் கைகொடுத்து நன்றி சொல்லியிருந்தார்.

"அண்ணை, ஒண்டு கேக்கட்டோ?"

"கேளும்."

"டொக்டர் அந்தப் படப் புத்தகத்தை ஏன் எனக்குக் காட்டினவ?"

"ஒப்பரேசனுக்கு முதல், ஒப்பரேசனுக்குப் பிறகு எண்டு காட்டினவ. உமக்கும் அப்பிடிச் செய்யலாமாம். நாலைஞ்சு தரம் செய்யவேணுமாம். ஒரு வருசம் எடுக்குமாம்."

"ஆர் கேட்டது?"

"நீர்தானே கேட்டனீர்."

"நானோ?"

நடப்பதை நிறுத்திவிட்டார். நானும் சூட்கேஸைக் கீழே வைத்தேன்.

"நான் என்ன கேட்டனான்? நீங்கள் அவவுக்குச் சொன்னதைச் சொல்லுங்கோ பாப்பம்."

"என்ன பெரிய கஷ்டம் எண்டு கேட்டவ. ஒருத்தரும் முகம் குடுக்கினம் இல்லை எண்டு நீர் சொன்னனீர். அதைத்தான் சொன்னனான். இவவுக்கு ஒருத்தரும் ஒரு முகம் குடுக்கினம் இல்லையெண்டு."

"முகம் குடுத்துக் கதைக்கினம் இல்லை எண்டனான். கதைக்கினம் இல்லை. அந்தக் கதைக்கிறதை எங்க விட்டனீங்கள்?"

"அது ஜேர்மன்ல வரேல்லை."

"வராததை விட்டிட்டு வந்ததை மட்டும் சொன்னனீங்களோ? நல்லாயிருக்கு." சால்வையைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டார். அது தோளில் விழுந்தது. "எனக்கு ஒரு முகம் கிடக்குது, அண்ணை. பாதி வெந்தாலும் அது என்ர. நான் கேட்டது அவையின்ர முகத்தை."

இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் உங்களில் இருப்பார்கள். உங்கள் தாய் தகப்பன் இதைச் சொல்லக் கேட்டிருப்பீர்கள், யோசித்திருக்க மாட்டீர்கள். ஒருவர் நம் பக்கம் திரும்பி, நம்மைப் பார்த்து, பேச விருப்பத்தோடு பேசினால் அவர் நமக்கு முகம் கொடுத்துக் கதைக்கிறார். தெருவில் கண்டும் காணாமல் போனால் முகம் கொடுக்கவில்லை. எங்கள் பேச்சில் முகம் என்பது கொடுக்கக்கூடிய ஒன்று. நான் அந்தச் சொல்லைப் பிய்த்து, முகம் ஒன்று தாருங்கள் என்று ஒரு வெந்த முகத்துப் பெண் மருத்துவரிடம் கேட்டதாக ஆக்கிவிட்டேன். மருத்துவர் வேறு என்ன நினைப்பார்? எழுந்துபோய் அலுமாரியிலிருந்து அந்தப் படப் புத்தகத்தை எடுத்துவந்தார்.

அதோடு முடியவில்லை. வழியில் நின்றபடியே நான் சொன்ன ஒவ்வொரு வசனத்தையும் அவர் என் வாயிலிருந்து திரும்ப எடுத்தார்.

"வேலைக்குப் போகலாமோ எண்டு கேட்டவவெல்லோ? அதுக்கு என்ன சொன்னனீங்கள்?"

"எந்த முகத்தோட போறது எண்டு நீர் கேட்டதா."

"அய்யோ அண்ணை. ஏப்ரனைக் கழட்டி எறிஞ்சிட்டுச் சொல்லாமல் வந்தனான். ஆசுப்பத்திரிக்குப் பூவோட வந்து பாத்த மனிசன் அந்த செஃப். அந்தாளுக்கு முன்னால எந்த முகத்தோட போய் நிக்கிறது எண்டு வெக்கத்தில சொன்னனான். நீங்கள் இந்தக் கன்னத்தோட போகேலாது எண்டு ஆக்கிட்டியளோ?"

ஆக்கிவிட்டேன். மருத்துவர் தலையை ஆட்டி அதையும் எழுதிக்கொண்டதை நான் பார்த்தேன். அதன்பிறகு அவர் என்னிடம் சொன்னது இது: இந்தப் பெண் ஒரு வருடத்துக்கு வேலை செய்யும் நிலையில் இல்லை என்று இன்றே கன்ரீனுக்குக் கடிதம் எழுதுகிறேன். ஓய்வூதியத்துக்கும் விண்ணப்பிக்கலாம். அது நல்ல செய்தி என்று நினைத்து நானும் ஜெசிந்தாவிடம் சிரித்த முகத்தோடு, "டொக்டர் எல்லாம் பாத்துச் செய்வாவாம்" என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

"கடிதம் எப்ப போகுது?"

"பின்னேரத் தபாலில."

"செஃப் நாளைக்குள்ள பதில் கேட்டவர். இல்லாட்டி என்ர இடத்துக்கு வேற ஆளை எடுப்பினம்."

"ஓம்."

"அப்ப நான் வீட்டு அறைக்குள்ளயே கிடக்கிறதோ?"

அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஆறுதல் சொல்லிவிட்டு ரயிலுக்குப் போயிருப்பேன். என் கை சூட்கேஸின் பிடியில் இருந்ததை அவர் பார்த்தார்.

"நீங்கள் போங்கோ, ரயில் போயிடும். நான் போய்ச் சொல்லிறன்."

"எப்பிடிச் சொல்லுவீர்?"

"எனக்குத் தெரிஞ்ச ஜேர்மன்ல. சூப்பு, பாண், உப்பு, நன்றி."

பிள்ளைகளே, பிழை விடுவீர்கள். அதைப் பற்றி நான் உங்களுக்கு ஒன்றும் சொல்லப்போவதில்லை. பிழை தெரிந்த பிறகு வரும் பத்து நிமிடத்தைப் பற்றித்தான் சொல்லவேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில் புத்தி நிறைய நல்ல காரணங்களைக் கொண்டுவந்து தரும். மருத்துவருக்கு வேறு நோயாளிகள் இருப்பார்கள். அடுத்த கிழமை கடிதம் எழுதிச் சரிசெய்யலாம். சத்திரசிகிச்சை செய்தால் நல்லதுதானே. கூரில் வேலை போய்விடும். எல்லாம் உண்மையான காரணங்கள். எனக்கு அவற்றைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இருந்தது. இருபது வருடமாக ஒவ்வொரு இடத்திலிருந்தும் நடந்து வெளியேறிய ஒருவனுக்கு, திரும்பிப் போவதற்குக் கால் பழகியிருக்கவில்லை.

சூட்கேஸைத் தூக்கினேன். மருத்துவரின் கட்டடத்தை நோக்கித் திரும்பினேன். ஜெசிந்தா இம்முறை என் பக்கத்தில் நடந்தார்.

வரவேற்பில் இருந்த பெண் என்னைப் பார்த்து, "இவருக்கு என்ன வேண்டும்?" என்று ஜேர்மனில் கேட்டார். கடிதம் போவதற்கு முன் மருத்துவரைப் பார்க்கவேண்டும் என்றேன். இன்று முடியாது, அடுத்த கிழமை என்றார். நான் சத்தம் போடவில்லை. சமையலறையில் கற்ற இரண்டில் கெஞ்சுவதைத் தேர்ந்தேன். பிழை என்னுடையது, நோயாளியுடையது அல்ல, ஐந்து நிமிடம் போதும், இங்கேயே நிற்கிறோம் என்றேன். நின்றோம். ஒரு மணி தாண்டியது. ரயில் போயிருக்கும். ஜெசிந்தா மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கூர்க்காரன் ஏசுவானோ?"

"ஏசட்டும். தமிழ்ல ஏசமாட்டான்தானே."

மருத்துவர் வெளியே வந்தார். உயரமான பெண், வெட்டிய நரைமுடி. காலையிலிருந்து ஆட்களின் கதையைக் கேட்டுக்கேட்டுக் களைத்த கண்கள். கையில் உறை. அதைத் தபாலுக்கு வைக்கத்தான் வந்திருந்தார்.

"நான் பிழையாக மொழிபெயர்த்துவிட்டேன்" என்றேன்.

"எதை?"

இந்தக் கேள்வியை எதிர்பாருங்கள். "எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம்" என்று சொல்லித் தப்பத் தோன்றும். அப்படிச் சொன்னால் ஒன்றையும் திருத்த முடியாது. நான் இரண்டு வசனங்களையும் சொன்னேன். இவர் புதிய முகம் கேட்கவில்லை. வேலைக்குப் போகமுடியாது என்று சொல்லவும் இல்லை.

"அப்படியானால் என்ன சொன்னார்?"

அங்கே மறுபடியும் மாட்டிக்கொண்டேன். முகம் கொடுத்துக் கதைப்பதற்கு எனக்கு அப்போதும் ஜேர்மன் சொல் கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் அவருடைய அறைக்குள் போய், சுவருக்கு முன்னால் நின்று, சுவரைப் பார்த்து, "வணக்கம் டொக்டர், எப்படி இருக்கிறீர்கள், தயவுசெய்து உட்காருங்கள்" என்று ஜேர்மனில் மரியாதையாகச் சொன்னேன். பிறகு திரும்பி, மருத்துவரின் முகத்தைப் பார்த்து அதே வசனத்தைச் சொன்னேன்.

"முதலாவது, இவருக்கு இப்போது நடப்பது. இரண்டாவது, இவர் கேட்பது."

ஜெசிந்தாவின் வாய் ஒரு பக்கம் மேலே போனது. மற்றப் பக்கம் தோல் விடவில்லை. சிரிக்கிறார் என்று புரிய எனக்கு ஒரு கணம் எடுத்தது. அதுவரை அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

மருத்துவர் சிரிக்கவில்லை. அறையில் கிடந்த மூன்று நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். காலையில் நாங்கள் எழுந்துபோனபடியே அவை இருந்தன. அவருடையதும் என்னுடையதும் நேருக்கு நேர். ஜெசிந்தாவினுடையது யன்னல் ஓரமாக, பக்கவாட்டில்.

"காலையில் ஒரு மணித்தியாலமும் நான் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், இல்லையா?" என்றார். அதையும் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் அவருக்கே விளங்கிவிட்டது. முகம் சிவந்தது. குனிந்து, ஜெசிந்தாவின் நாற்காலியைத் தானே இழுத்துத் தன் நாற்காலிக்கு எதிரே போட்டார். என்னுடையதை எடுத்து ஜெசிந்தாவின் தோளுக்குப் பின்னால் வைத்தார்.

அன்றிலிருந்து எந்த அறைக்குள் போனாலும் நான் முதலில் நாற்காலியைத்தான் பார்ப்பேன். யாரும் கேட்க முன்னமே இழுத்துப் போடுவேன். என்னைப் பார்த்து அதிகாரி பேசினால் என் பார்வையை என் சப்பாத்துக்குக் கொண்டுபோவேன். சப்பாத்தோடு யாரும் நெடுநேரம் பேசமாட்டார்கள். சில வருடங்களுக்குப் பிறகு ஷாஃப்ஹவுசன் நகரில் ஒரு மனிதர், கைகளிலும் கண்ணைச் சுற்றியும் தோல் வெள்ளையாகிக்கொண்டு வந்தவர், தனக்கு வெண்குட்டம் என்று ஒரு பேக்கரி முதலாளியிடம் சொல்லச் சொன்னார். பழைய ஆளாக இருந்திருந்தால் சொல்லைப் பிய்த்து, வெள்ளைத் தொழுநோய் என்று சொல்லி, அந்த மனிதரை அன்றே தெருவில் விட்டிருப்பேன். அன்று வாயை மூடிக்கொண்டு, "இந்தச் சொல்லுக்கு எனக்கு நேரம் வேண்டும்" என்று கேட்டு, மருந்துக்கடைக்குப் போய் விசாரித்துவிட்டு வந்து சொன்னேன். இது தொற்றாது, நோவில்லை, நிறம் மட்டும் போகும் என்று. அவர் அந்த பேக்கரியிலேயே ஓய்வுபெற்றார். அந்தச் சொல்லைத் தனக்கே சொல்லிக்கொள்வதையும் நிறுத்தினார். அதை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமைதான். மறைக்க மாட்டேன்.

அந்த அறைக்கு வருகிறேன். மருத்துவர் ஜெசிந்தாவைப் பார்த்து முதலில் இருந்து கேட்டார். நான் பின்னாலிருந்து, வசனத்துக்கு வசனம், தெரியாத இடத்தில் தெரியாது என்று நிறுத்தி, இருவரிடமும் மாறி மாறிக் கேட்டுச் சொன்னேன்.

"பாத்திரம் கழுவுற அறையில ஆக்கள் இல்லை" என்றார் ஜெசிந்தா. "ஓட்டையால தட்டு வருது. கழுவி மற்றப் பக்கம் விடுறன். செஃப் வந்தாலும் தட்டைப் பாத்துத்தான் கதைக்கிறார். அந்தாள் பாவம், எனக்கு நோகும் எண்டு நினைக்கிறார். என்ர இடம் முன்னுக்கு. சூப்புக்குப் பக்கத்தில."

"சத்திரசிகிச்சை வேண்டாமா?"

"இந்த வாய் ஓரத்தைக் கொஞ்சம் விட்டுத் தந்தால் நல்லம். குடிக்கேக்க ஒழுகுது. மற்றதை ஆறுதலாப் பாப்பம்."

"கவுண்டரில் நின்றால் ஆட்கள் உங்களைப் பார்ப்பார்கள். சிலர் ஏதாவது சொல்லவும் செய்வார்கள். அதைத் தாங்க முடியுமா?"

"பாக்கட்டும். பாத்திட்டுக் கதைக்கட்டும். இவ்வளவு நாளும் பாக்காமல் இருந்ததைத்தானே தாங்கேலாமல் போனது."

பிறகு மருத்துவர், காலையில் கேட்ட ஒரு கேள்வியைத் திரும்பக் கேட்டார். காலையில் அதற்கு ஜெசிந்தா "இல்லை" என்று சொல்லியிருந்தார். நேருக்கு நேர் கேட்டபோது பதில் வேறாக வந்தது. அந்தப் பதிலை நான் உங்களுக்குச் சொல்லமாட்டேன். அது அவருடையது. அதற்குப் பிறகு மருத்துவர் ஒவ்வொரு கிழமையும் வரச் சொன்னார் என்பதையும், ஜெசிந்தா ஒரு கிழமைகூடத் தவறவில்லை என்பதையும் மட்டும் சொல்லலாம். கவுண்டரில் நிற்பது மருந்து என்று நான் நினைக்கவில்லை. மருத்துவரும் நினைக்கவில்லை. இரண்டும் தேவைப்பட்டன.

உறையை மருத்துவர் கிழித்தார். கன்ரீனுக்குத் தொலைபேசி எடுத்தார். செஃப் பெரிய குரல்காரர். அவர் சொன்னது எங்களுக்கும் கேட்டது. அவளுடைய நன்மைக்குத்தானே உள்ளே விட்டேன் என்றார். அவளுக்கு அது நன்மையாக இருக்கவில்லை என்றார் மருத்துவர். அதைக் கேட்டு செஃப், "நாளைக்குக் காலை பத்தரைக்கு வரட்டும்" என்றார். "ஆனால் ஒன்று. மத்தியானம் நூற்றுக்கணக்கான ஆண்கள் வரிசையில் நிற்பார்கள். யாராவது மடையன் ஏதாவது சொன்னால் அவளுக்காக யார் பேசுவது? அந்த மொழிபெயர்க்கிறவர் வருவாரா? சூப்போடு கொடுக்கப் பாண் வெட்ட எனக்கு ஆள் தேவை."

நான் வாயைத் திறப்பதற்குள் மருத்துவர் தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு ஜெசிந்தாவைப் பார்த்தார். "உங்களுக்கு அது விருப்பமா?" என்றார். அன்று அவர் கற்றதை அன்றே செய்தார். நான் என் வாழ்வில் பார்த்த நல்ல மருத்துவர்களில் அவர் ஒருவர்.

ஜெசிந்தா திரும்பி என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"அண்ணை பாண் வெட்டட்டும். கதைக்கிறதை நான் பாக்கிறன்."

"ஆரும் என்னட்டக் கேட்டால்?"

"வாயைத் திறக்கப்படாது. திறந்தால் பிழையாத்தான் சொல்லுவியள்."

அதை அப்படியே மொழிபெயர்த்தேன். அன்று நான் பிழையில்லாமல் சொன்ன முதல் வசனம் அது. மருத்துவர் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

கூருக்குப் போன் எடுத்து வரவில்லை என்றேன். ஹோட்டல்காரர் தெரிந்த வசைகளையெல்லாம் சொன்னார். புதியதாக ஒன்றும் இல்லை. ஜெசிந்தாவின் வீட்டு விறாந்தையில் சூட்கேஸை வைத்தேன். அவருடைய கணவர் வேலை முடிந்து வந்து, கதை முழுவதையும் கேட்டுவிட்டு, "நான் உன்னைக் கூட்டிக்கொண்டு போகத்தானே சொன்னனான்" என்றார்.

நான் விட்டுவந்த வேலைகளைச் சொன்னால் உங்களுக்குப் பொழுது விடிந்துவிடும். அவற்றில் ஒன்றைப் பற்றியும் எனக்கு வருத்தமில்லை. ஆனால் எதில் பெருமைப்படுகிறாய் என்று யாராவது கேட்டால், டீட்டிகோனில் ஒரு தெருவில் சூட்கேஸோடு பின்பக்கம் திரும்பிய அந்தச் சில அடிகளைத்தான் காட்டுவேன். அதற்குப் பிறகு எத்தனையோ பேரோடு எத்தனையோ அறைகளில் இருந்தேன். வெந்த முகம், பிளந்த உதடு, ஷெல் துண்டு கிழித்த நெற்றி, ஒரு கண் இல்லாத முகம். அவர்களில் பலர் இன்று எனக்குப் போன் எடுத்துத் திட்டும் அளவுக்குச் சுகமாக இருக்கிறார்கள்.

மறுநாள் பத்தரைக்குக் கன்ரீனில் நின்றோம். செஃப் வாசலுக்கே வந்தார். ஜெசிந்தாவின் முகத்தைப் பார்த்தார். கண்ணை எடுக்கத் தோன்றியதும், எடுக்காமல் இருக்கப் பாடுபட்டதும் எனக்குத் தெரிந்தது. ஜெசிந்தா, சொல்லாமல் போனதற்கு மன்னிக்கவேண்டும் என்று ஜேர்மனில் சொன்னார். இரவெல்லாம் பாடமாக்கியிருந்தார். செஃப் தலையை ஆட்டினார். ஒரு வெள்ளை ஏப்ரனை அவருக்கும் ஒன்றை எனக்கும் தந்தார். எனக்கு ஒரு நீளமான கத்தியும் கூடை நிறையப் பாணும்.

சால்வையை ஜெசிந்தா மடித்து அலுமாரியில் வைத்துவிட்டு, தலைமுடியைப் பின்னால் இழுத்துக் கட்டி, தொப்பி போட்டுக்கொண்டு வந்தார். காது தெரிந்தது. கழுத்து தெரிந்தது.

பன்னிரண்டு மணிக்குக் கதவு திறந்தது. முதலாவதாக வந்தவர் களஞ்சியத்தின் நீல உடுப்புப் போட்ட ஒரு பெரிய மனிதர். தட்டோடு சூப் பானைக்கு முன்னால் வந்து நின்றார். ஜெசிந்தாவை ஒரு தரம் பார்த்தார். உடனே கண்ணை என் பக்கம் கொண்டுவந்து, "இன்றைக்கு என்ன சூப்?" என்று என்னைக் கேட்டார்.

எனக்குப் பதில் தெரியும். பாணை வெட்டினேன்.

"என்ன சூப்?" என்று மறுபடியும் கேட்டார், கொஞ்சம் சத்தமாக, எனக்குக் காது கேளாது என்று நினைத்தோ என்னவோ. ஒரு துண்டு வெட்டினேன். இன்னொரு துண்டு வெட்டினேன். அவருக்குப் பின்னால் வரிசை நீண்டது. யாரோ இருமினார். அகப்பையைப் பிடித்துக்கொண்டு ஜெசிந்தா அவசரப்படாமல் நின்றார். அந்த மனிதருக்கு வேறு போக்கில்லை. திரும்பி அவரைப் பார்த்தார்.

"பார்லி" என்றார் ஜெசிந்தா. "நிறையவா, கொஞ்சமா?"

"நிறைய" என்றார் அவர். பிறகு, சூப் விழும்போது, "உங்களைக் கனநாள் காணவில்லையே" என்றார்.

நான் அடுத்த துண்டை வெட்டினேன். அந்த வேலையில் பதினொரு மாதம் நின்றேன்.